அழுத்தக் காற்றும் அப்பாவின் காலும்
(உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை: நோயாளியும் அவர் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை)



ஆண்டு மலருக்குப் பாடம் சம்பந்தமாக ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் வகுப்புக்கு வந்து கேட்டபோது, ஆளுக்கு ஆள் ரோபோ, மின்சாரக் கார் என்று தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன். மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைக்கு ஆஸ்பத்திரி விஷயம் எதுக்கு என்று தோழிகள் சிரித்தார்கள். ஆனால் இது முழுக்க நம்ம பாடம்தான். பாய்ல் விதி, ஹென்றி விதி, பிரஷர் வெசல், கேஜ் பிரஷர், அப்சல்யூட் பிரஷர் எல்லாம் இதில் வருகிறது. கூடவே என் அப்பாவின் வலது காலும் வருகிறது.

அப்பா திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் கூலி. சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆச்சு. போன வருஷம் கண்மாய்க் கரையில் விறகு வெட்டப் போனபோது சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் நாள் பாயில் சீழ் பட்டிருப்பதை அம்மாதான் பார்த்தார். "வலிச்சாத்தான தெரியும்" என்றார் அப்பா. சர்க்கரை நோயில் காலின் உணர்ச்சி செத்துப்போகும் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டதில் மூன்று வாரம் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது சுண்டு விரல் கறுத்திருந்தது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான். அதனால் மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் என் கையில்தான் வரும். நான் படிப்பது மெக்கானிக்கல் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. "படிச்ச புள்ள, பார்த்துச் சொல்லு தாயி" என்பார்கள்.

அந்த நேரத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் வந்து, "காலை எடுக்கவே வேணாம். ஆக்சிஜன் டேங்க்குக்குள்ள முப்பது தடவை படுத்தாப் போதும், புண்ணு தானா மூடிரும்" என்றார். அவர் சொன்ன கட்டணத்துக்கு அம்மாவின் தோடு, தாலிக்கொடி, வீட்டுப் பத்திரம் மூன்றும் சேர்ந்தாலும் பத்தாது. ஆனாலும் அம்மா அன்று ராத்திரியே தோட்டைக் கழற்றிவிட்டார். நாங்கள் அந்த இடத்துக்குப் போனோம். அங்கே என்ன பார்த்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் விஷயம் புரிய வேண்டும்.

கோலி சோடாவும் ரத்தமும்

கோலி சோடாவைக் கட்டை விரலால் அழுத்தி உடைக்கும்போது புஸ்ஸென்று நுரை பொங்குகிறதே, அதுதான் ஹென்றி விதி. ஒரு வாயுவை எவ்வளவு அழுத்துகிறோமோ, அவ்வளவு அது திரவத்தில் கரையும். அழுத்தத்தை எடுத்தால் வெளியே வந்துவிடும். சோடாவில் கரைவது கார்பன் டை ஆக்சைடு. இந்தச் சிகிச்சையில் கரைவது ஆக்சிஜன். சோடாத் தண்ணீருக்குப் பதில் நம் ரத்தம்.

சாதாரணமாக ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தத்தின் சிவப்பு அணுவில் இருக்கும் ஹீமோகுளோபின். 100 மி.லி. ரத்தத்தில் ஏறத்தாழ 20 மி.லி. ஆக்சிஜனை அது சுமக்கிறது. ரத்தத்தின் நீர்ப் பகுதியில் நேராகக் கரைந்திருப்பது வெறும் 0.3 மி.லி.தான். இதை நான் வீட்டில் இப்படித்தான் விளக்கினேன்: ஹீமோகுளோபின் என்பது பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் டவுன் பஸ். நல்ல நுரையீரல் உள்ளவருக்குச் சாதாரணக் காற்றிலேயே அந்த பஸ்ஸில் நூற்றுக்கு 97 சீட் நிரம்பிவிடும். மேற்கொண்டு எத்தனை ஆக்சிஜன் கொடுத்தாலும் பஸ்ஸில் இடமில்லை. ஆனால் நடந்து போகிறவர்களுக்கு எல்லை ஏது? அழுத்தத்தைக் கூட்டினால் நடந்து போகிற கூட்டம் கூடிக்கொண்டே போகும். சாதாரண அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் சுவாசித்தால் கரைவது சுமார் 2 மி.லி. அழுத்தத்தை மூன்று மடங்காக்கினால் சுமார் 6 மி.லி. ஓய்வாக இருக்கும் உடம்பு 100 மி.லி. ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வது சராசரியாக 5 மி.லி.தான். கணக்கைப் பாருங்கள், பஸ்ஸே ஓடாவிட்டாலும் நடந்து போகிறவர்களை வைத்தே ஊர் பிழைத்துவிடும்.

இதை ஒருவர் செய்தே காட்டினார். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த போரேமா என்ற அறுவை மருத்துவர், 1960-இல், பன்றிகளின் ரத்தத்திலிருந்து சிவப்பு அணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டு, மூன்று மடங்கு அழுத்தமுள்ள அறையில் ஆக்சிஜன் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார். ரத்தமில்லா வாழ்வு என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு.

பஸ் நுழையாத சந்துக்குள் நடந்து போகிறவர் நுழைவார் அல்லவா? அதுபோல வீங்கி நெருக்கப்பட்ட திசுவுக்குள் சிவப்பு அணு போக முடியாத இடத்துக்கும் கரைந்த ஆக்சிஜன் போய்ச் சேரும். கிருமியைக் கொல்ல வெள்ளை அணுவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். புதுசாக மெல்லிய ரத்தக் குழாய் முளைக்கவும் அது தூண்டுகிறது. ஆனால் ஒன்று. சந்துக்குப் போகும் மெயின் ரோட்டையே தோண்டிப் போட்டிருந்தால் பஸ்ஸும் போகாது, நடந்தும் போக முடியாது. இந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவின் கதை இதில்தான் இருக்கிறது.

எவ்வளவு அழுத்தம்?

சிகிச்சையில் பயன்படுவது பெரும்பாலும் 2 முதல் 3 வாயு மண்டல அழுத்தம். இது அப்சல்யூட் கணக்கு. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே 1. ஆக, கேஜில் தெரிவது 1 முதல் 2 வரைதான். 15 பவுண்டு வெயிட் போட்ட வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே இருப்பதும் ஏறத்தாழ 2 வாயு மண்டலம். சூடு இல்லாத குக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். (இதை அம்மாவிடம் சொன்னதும், "ஆளை வேக வைக்கவா?" என்று பயந்துபோனார். உதாரணம் சொல்லும்போது ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.) இன்னொரு விதமாகச் சொன்னால், வைகை அணை 71 அடியும் நிரம்பி நிற்கும்போது அதன் அடியில் போய் நின்றால் உடம்பின்மேல் இருக்கும் அழுத்தம் சுமார் 3 வாயு மண்டலம். ஒவ்வொரு 10 மீட்டர் தண்ணீருக்கும் ஒரு வாயு மண்டலம் கூடும்.

அறையில் இரண்டு வகை. ஒருவர் மட்டும் படுக்கும் அக்ரிலிக் குழாய் ஒன்று. இதில் பெரும்பாலும் அறை முழுக்கவே ஆக்சிஜன் நிரப்புவார்கள். பல பேர் உட்காரும் இரும்பு அறை இன்னொன்று. இதில் அறைக்குள் அழுத்தக் காற்றுதான் இருக்கும். ஆக்சிஜன் முகமூடி வழியாகவோ தலையை மூடும் ஹூட் வழியாகவோ வரும். மனிதர் உள்ளே இருக்கும் பிரஷர் வெசலுக்கு என்றே அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் பி.வி.எச்.ஓ-1 என்று தனி விதி வைத்திருக்கிறது. நாம் படிக்கிற பாய்லர் விதிகளின் தம்பி மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு. 60 செ.மீ. விட்டமுள்ள கதவு, உள்ளே 2.4 வாயு மண்டலம். கேஜில் 1.4. கதவின் பரப்பு சுமார் 2,827 சதுர செ.மீ. பெருக்கிப் பார்த்தால் கதவின்மேல் இருக்கும் விசை சுமார் 4 டன். அதனால்தான் நடுவில் "எனக்குப் பயமா இருக்கு, கதவைத் திற" என்றால் உடனே திறக்க முடியாது. அவசரம் என்றாலும் அழுத்தத்தை இறக்கச் சில நிமிடம் ஆகும். மூடிய இடத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறவர்கள் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பாலம் கட்டியவர்களிடமிருந்து வந்த வைத்தியம்

இதன் வரலாறு ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கவில்லை, சிவில்காரர்களின் வேலையில் ஆரம்பித்தது. ஆற்றுக்குள் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்ட, தலைகீழாகக் கவிழ்த்த பெட்டி போன்ற கெய்சனை இறக்கி, தண்ணீர் உள்ளே வராமல் அழுத்தக் காற்றை அடைத்து, அதற்குள் ஆட்கள் வேலை செய்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் அப்படிக் கட்டப்பட்டது. மேலே வந்ததும் பலருக்கு மூட்டு வலி, சிலருக்கு வாதம், சிலர் செத்தும் போனார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இதனாலேயே படுக்கையில் விழுந்தார். மிச்ச வேலையை அவர் மனைவி எமிலி பொறியாளர்களுக்கும் கணவருக்கும் நடுவில் நின்று நடத்தி முடித்தார். 1883-இல் பாலம் திறந்தது. (மெக்கானிக்கல் வகுப்பில் பொண்ணுங்களுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளவும்.) நம் நாட்டில் 1943-இல் திறந்த கல்கத்தா ஹௌரா பாலத்துக்கும் கல்கத்தா பக்கத்தில் அழுத்தக் காற்று முறையில்தான் கெய்சன் இறக்கினார்கள்.

காரணம் மறுபடியும் சோடாதான். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் குமிழாகிவிடுகிறது. பிரான்ஸ் நாட்டு பால் பெர் 1878-இல் இதை விளக்கினார். அளவு மீறினால் ஆக்சிஜனே விஷம், வலிப்பு வரும் என்பதையும் அவர்தான் காட்டினார். 1908-இல் ஹால்டேன், எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டார். குமிழ் வந்தவரை மறுபடி அழுத்த அறையில் வைத்தால் பாய்ல் விதிப்படி குமிழ் சுருங்கும். 2.8 வாயு மண்டலத்தில் அதன் கனஅளவு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். ஆக்சிஜன் கொடுக்க நைட்ரஜனும் வெளியேறும். அமெரிக்கக் கடற்படையின் 6-ஆம் அட்டவணை என்பது 60 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி 4 மணி 45 நிமிடம் ஓடும் சிகிச்சை.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. மதுரையிலிருந்து மூன்று மணி நேரம் பஸ் ஏறினால் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் ஒரு காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டே மூழ்கினார்கள். மூச்சடக்கி மூழ்கும் ஒரு நிமிடத்தில் கரையும் நைட்ரஜன் கொஞ்சம்தான். படகில் கம்ப்ரசர் வைத்து, ரப்பர் குழாய் வழியாகக் காற்று வாங்கி மணிக்கணக்கில் அடியில் இருக்கும் வழக்கம் வந்த பிறகு நிலைமை வேறு. மேலே வந்ததும் மூட்டு வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்றால் அது வாய்வு இல்லை, குமிழ். தைலம் தேய்த்தால் போகாது. அப்படிப்பட்டவருக்கு இந்த அறைதான் முதல் வைத்தியம், அதுவும் சீக்கிரமாக. மூழ்கு வீரர்களுக்காகவே நம் கடற்படை இதை வைத்திருக்கிறது. மும்பையில் உள்ள அஸ்வினி கடற்படை மருத்துவமனை அதற்குப் பேர்போனது.

எந்த நோய்க்கு?

அமெரிக்காவில் கடலடி மற்றும் உயர் அழுத்த மருத்துவச் சங்கம் என்று ஒன்று உண்டு. அவர்கள் பட்டியலில் இருப்பது ஒரு டஜனுக்குக் கொஞ்சம் மேல்தான். மூழ்குபவர்களின் குமிழ் நோய், ரத்தக் குழாயில் காற்று அடைப்பது, கார்பன் மோனாக்சைடு விஷம், வாயு அழுகல், நசுங்கிய காயம், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் பிறகு வரும் பாதிப்பு, மருந்துக்கு அடங்காத எலும்புச் சீழ், திடீர்ச் செவிடு, குறிப்பிட்ட சில ஆறாத புண்கள், இப்படி.

இதில் கார்பன் மோனாக்சைடை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொடைக்கானல் டூர் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது. குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்குவதும், கதவடைத்த கடைக்குள் ஜெனரேட்டர் ஓடவிடுவதும் ஒன்றுதான். இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர் மாதிரி, எழுந்திருக்கவே மாட்டார். சாதாரணக் காற்றில் அதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மூன்று மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் 20 நிமிடம், கொஞ்சம் கூடலாம். ஆனால் அறை எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. ஆளை வெளியே தூக்கிப்போட்டு, கிட்டத்து ஆஸ்பத்திரியில் முதலில் சாதாரண ஆக்சிஜனைப் பிடிக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாதவையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம், புற்றுநோய், முதுமை எல்லாவற்றுக்கும் இதைச் செய்வதாக விளம்பரம் வருகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. மூளைவாதக் குழந்தைகள் 111 பேரை வைத்து கனடாவில் நடந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு 1.75 அழுத்தத்தில் ஆக்சிஜன், இன்னொரு குழுவுக்கு 1.3 அழுத்தத்தில் வெறும் காற்று. இரண்டு குழுவும் ஒரே அளவுக்குத்தான் முன்னேறின.

இந்த ஆசை புதிது அல்ல. 1928-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் கன்னிங்ஹாம் என்ற டாக்டர் 64 அடி விட்டத்தில் ஓர் இரும்புக் கோளத்தையே ஆஸ்பத்திரியாகக் கட்டினார். மாடி மாடியாக அறைகள், உள்ளே அழுத்தக் காற்று. பணம் கொடுத்தவர் டிம்கன். ஆமாம், நம் மெஷின் டிசைன் புத்தகத்தில் வரும் அதே ரோலர் பேரிங் டிம்கன்! கோளம் ஏன் என்று ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரே தடிமனுள்ள தகட்டில் உருளைக்கு வரும் தகைவில் பாதிதான் கோளத்துக்கு வரும். பொறியியல் அருமை. ஆனால் வைத்தியம்? சர்க்கரை, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் அதில் படுக்க வைத்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரம் கேட்டது, அவரால் கொடுக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கோளத்தை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். வெல்டிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது நோயைக் குணமாக்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

உள்ளே போகிறவர்களுக்கு

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி இறங்கியவர்களுக்குக் காது அடைப்பது தெரியும். அங்கே மணிக்கணக்கில் நடப்பது 0.2 வாயு மண்டல மாற்றம். அறையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 1 முதல் 1.5 வரை மாறும். ஆகவே காதுதான் முதலில் தொந்தரவு கொடுக்கும். எச்சில் விழுங்க வேண்டும், கொட்டாவி விட வேண்டும், அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காற்றைக் காதுப் பக்கம் தள்ள வேண்டும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே கை காட்ட வேண்டும். நம்ம ஊர்க்காரர்களுக்கு டாக்டர் முன்னால் வலிக்கிறது என்று சொல்ல ஒரு கூச்சம். அங்கே கூச்சப்பட்டால் செவிப்பறை கிழியும். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்குப் போகாமல் சொல்லி மாற்றிக்கொள்வது நல்லது. அழுத்தம் இறங்கும்போது மூச்சை அடக்கவே கூடாது, சாதாரணமாக விட வேண்டும். பாய்ல் விதி நுரையீரலுக்கும் பொருந்தும்.

ஒரு அமர்வு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆறாத புண்ணுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் 30, 40 அமர்வு. நடுநடுவே ஐந்து நிமிடம் ஆக்சிஜனை நிறுத்திச் சாதாரணக் காற்று கொடுப்பார்கள். பால் பெர் சொன்ன அந்த வலிப்பு வராமலிருக்கத்தான். "காசு வாங்கிட்டு ஆக்சிஜனை நிறுத்துறாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கலாம். அதனால் முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், வெறும் வயிற்றில் போகக் கூடாது. பல வாரம் தொடர்ந்தால் சிலருக்குத் தூரப் பார்வை மங்கும். முடிந்த சில வாரங்களில், மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும், அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள். நுரையீரலில் காற்றுக் கசிந்து நெஞ்சுக் கூட்டில் நிற்கும் நிலை இருந்தால் அதைச் சரிசெய்யாமல் அறைக்குள் விடவே கூடாது. உள்ளேயே உயிர் போய்விடும். அதற்காகத்தான் நெஞ்சு எக்ஸ்ரே. சாப்பிடுகிற, ஊசி போட்ட எல்லா மருந்தையும், முக்கியமாகப் புற்றுநோய் மருந்துகளை, மறைக்காமல் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் குடித்துக்கொண்டே இதைச் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது. புகை ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும்.

இப்போது நெருப்பு. நம் வெல்டிங் ஷாப்பில் நுழைந்த முதல் நாளே இன்ஸ்ட்ரக்டர் சொல்வது என்ன? கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன், அதன் வால்வில் எண்ணெய், கிரீஸ் கை படக் கூடாது. அதே விதிதான் இங்கேயும். ஆனால் இங்கே எண்ணெய் வைத்த தலையோடு மனிதரே சிலிண்டருக்குள் போகிறார்! தலைக்குத் தேங்காய் எண்ணெய், முகத்துக்கு கிரீம், வாசலைன், சென்ட், நகப் பூச்சு எதுவும் கூடாது. நைலான் சேலையும் பாலியஸ்டர் சட்டையும் கூடாது. அங்கே கொடுக்கும் சுத்தமான பருத்தி உடைதான். தீப்பெட்டி, லைட்டர், செல்போன், வாட்ச், காது மெஷின் எதுவும் கூடாது. 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலான் நகரில் அறைக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். உள்ளே கொண்டுபோன, கையைச் சூடாக்கும் சின்னச் சாதனம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. 2025 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் டிராய் நகரில் ஐந்து வயதுச் சிறுவன் அறைக்குள்ளேயே தீயில் இறந்தான். அவனை அங்கே அனுப்பிய குறைகள் நான் மேலே சொன்ன பட்டியலிலேயே இல்லாதவை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த இடத்தில் நான் பார்த்தது

இனி எங்கள் கதை. ஊரும் பேரும் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் வெளிநாட்டுப் படங்கள். உள்ளே இரும்பு அறையும் இல்லை, அக்ரிலிக் குழாயும் இல்லை. ஜிப் வைத்த, காற்றடைத்த ஒரு பெரிய பை. பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்ரசர். பைக்குள் ஒருவர் படுத்திருந்தார். நான் கேஜைப் பார்த்தேன். பழக்க தோஷம், எந்த மெஷினைப் பார்த்தாலும் கண் கேஜுக்குத்தான் போகும். முள் 4 பவுண்டில் நின்றது.

"சார், இதுதான் ஃபுல் பிரஷரா?"

"ஆமாம்மா, இதுதான் மேக்ஸிமம்."

"உள்ள போறது சுத்த ஆக்சிஜனா?"

"ரூம் காத்துதான். பிரஷர்ல அது ஆக்சிஜனா மாறிடும்."

அந்தப் பதிலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வெளிக்காற்று 14.7 பவுண்டு, அதோடு 4, ஆக 18.7. வகுத்தால் 1.27 வாயு மண்டலம். காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21. பெருக்கினால் 0.27. வார்டில் மூக்கில் குழாய் வைத்து நிமிடத்துக்கு 3 லிட்டர் ஆக்சிஜன் விட்டாலே சுமார் 0.3 வந்துவிடும். உண்மையான அறையில் 2.4 அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் என்றால் 2.4. அதாவது அந்தப் பைக்குள் கிடைப்பது அதில் ஒன்பதில் ஒரு பங்கு. இதற்கா அம்மாவின் தோடு?

அவர்கள் அப்பாவின் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே கேட்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்றும் பார்க்கவில்லை. டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு, "நீ என்ன டாக்டருக்கா படிக்கிற?" என்றார். "இல்ல சார், டிப்ளமோ மெக்கானிக்கல்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அங்கே அழவில்லை. "எந்திரிங்கப்பா, போவோம்" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா ஒன்றும் பேசவில்லை. காலைக் காப்பாற்ற இருந்த ஒரே வழியை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

மறுநாள் வேறு ஓர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஒரு டாக்டரைப் பார்த்தோம். என் நோட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "கணக்கு சரிதான். ஆனா நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி இது இல்ல. காலுக்கு ரத்தம் வருதான்னு பார்த்தீங்களா?" என்றார். டாப்ளர் எடுத்ததில் முழங்காலுக்குக் கீழே குழாய் அடைத்திருந்தது. மெயின் ரோடு! உண்மையான அறை பற்றியும் கேட்டேன். "அது கெட்டது இல்லம்மா. வரிசையில பின்னால நிக்கிற ஆளு. முதல்ல அடைப்பை எடுக்கணும், செத்த சதையைச் சுத்தம் பண்ணணும், சர்க்கரையை இறக்கணும், அந்தக் காலை ஊனாம இருக்கணும். இத்தனையும் செஞ்சு ஒரு மாசம் கழிச்சும் ஆறலைன்னா அதை யோசிக்கலாம்" என்றார்.

பிறகு தேடிப் படித்ததில், சர்க்கரைப் புண்ணைப் பொறுத்தவரை உண்மையான அறையைப் பற்றியே ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. 2010-இல் வந்த சுவீடன் ஆய்வில் 94 பேர். அறையில் ஆக்சிஜன் பெற்றவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கு ஓராண்டில் புண் ஆறியது, மற்றவர்களில் 29 பேருக்கு. நல்ல வித்தியாசம். ஆனால் 2016-இல் கனடாவில் 103 பேரிடம் செய்த ஆய்வில் காலை எடுக்க வேண்டிய நிலை குறையவில்லை. 2018-இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் 120 பேர், அதிலும் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை. ஆளைத் தேர்ந்து கொடுத்தால் சிலருக்கு உதவலாம் என்ற அளவில்தான் விஷயம் நிற்கிறது. "முப்பது தடவை படுத்தா மூடிரும்" என்று உறுதி சொல்பவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்குக் காப்பீட்டு அட்டையில் பலூன் வைத்து அடைப்பை எடுத்தார்கள். சுண்டு விரலும் அடுத்த விரலும் போயின. மிச்சப் பாதம் ஐந்து மாதத்தில் ஆறியது. இப்போது எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிறார், வீட்டுக்குள்ளும்கூட. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காலடியில் பிடித்து அடிப்பாதத்தைப் பார்ப்பது என் வேலை. நான் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் விட்டால் தம்பி பார்ப்பான்.

போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "ஏ தாயி, அந்த நெசப் பெட்டி இருக்குன்னியே, அதுக்குள்ள மொதல்லயே போயிருந்தா இந்த ரெண்டு விரலும் இருந்திருக்குமா?"

"தெரியலப்பா. முள்ளு குத்துன அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இருந்திருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை வாங்கி, தானே ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

- இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை